ஆட்சேபணைக் காலம்

பெருந்துறை சார்பதிவாளர் அலுவலகத்தில்
பதினோரு வருடமாக
அறிவிப்புப் பலகை என் பொறுப்பு.
குண்டூசி டப்பா என் மேசையில்தான் இருக்கும்.

வாய்க்கால் பாசனத்தில் ஆறு ஏக்கர்
காலையில் ஒருவர் பெயரில் இருக்கிறது.
டோக்கன், கைரேகை, கேமராவைப் பார்த்து ஒரு முறைப்பு.
மத்தியானச் சோத்துக்குள் இன்னொருவர் பெயர்.
சுவரில் எதுவும் ஒட்டுவதில்லை,
ஊரைக் கேட்பதில்லை.

பூவரசனுக்கும் நவநீதாவுக்கும்
முப்பது நாள்.

படிவத்தில் சாதிக்குக் கட்டம் கிடையாது.
எழுதியவர்கள் நல்லவர்கள்.
முகவரிக்கு மட்டும் மூன்று வரி விட்டிருக்கிறார்கள்.
அவளுடையதில் தோட்டம் என்று வருகிறது,
அவனுடையதில் காலனி என்று.
எங்கள் பக்கம் அதற்கு மேல்
யாரும் படிக்க வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் வெள்ளை வேட்டியில் நால்வர்.
பலகையைச் செல்லில் படம் பிடித்தார்கள்.
பொது ஆவணம், தடுக்க எனக்கு விதி இல்லை.
ஒருவர் மட்டும் என்னிடம் வந்து
"ஏனுங் அம்மிணி, அந்தப் புள்ள மறுக்கா எப்ப வருமுங்க?
சும்மா கேட்டனுங்க" என்றார்.

இந்த 'ங்க'வுக்காக வெளியூர்க்காரர்கள் எங்களை மெச்சுவார்கள்.
அதே மரியாதையில்
அரிவாளையும் உறையோடு நீட்டலாம்.
"தெரியாதுங்க" என்றேன்.
என் 'ங்க' கொஞ்சம் நடுங்கியது.

சட்டப்படி ஆட்சேபிக்க வழி சொற்பம்:
வயது, முந்தைய துணை, சித்தம், நெருங்கிய இரத்தம்.
நால்வர் கையிலும் இதில் ஒன்றும் இல்லை.
மனு எழுதுகிற உத்தேசமும் இல்லை.
தேதி தெரிந்தால் போதும்.

"பெத்தவங்களுக்குத் தெரிய வேண்டாமாம்மா?"
என்கிறார் சார்பதிவாளர், டீயை ஆற்றிக்கொண்டே.
கெட்ட மனிதர் கிடையாது.
நானும் பெற்றவள்தான்.
ஈரோட்டில் பி.காம். படிக்கிறது ஒன்று.
போன வாரம் அவள் செல்லைத் திறந்து பார்க்கப் போனேன்,
கடவுச்சொல்லை மாற்றியிருந்தாள்.
முதலில் கோபம்.
பிறகு பாத்திரம் கழுவும்போது
ஒரு சின்ன நிம்மதி.
அது எதனால் என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

நடுவில் தேர்தல் வந்தது.
டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை,
நல்ல திட்டம், நானும் அதில்தான் வருகிறேன்.
சென்னிமலையில் ஏறியவள் எங்கு வேண்டுமானாலும் இறங்கலாம்,
இந்த அலுவலக வாசலைத் தவிர.
அதைப் பற்றி எந்த மைக்கும் பேசவில்லை.
பேசினால் எத்தனை ஓட்டுக் குறையும் என்று
எல்லாக் கட்சிக்கும் கணக்குத் தெரியும்.

அரசு ஊழியர் அரசியல் பேசக்கூடாது, நடத்தை விதி.
நான் பேசவில்லை.
பலகையைப் பற்றித்தான் சொல்கிறேன்.
வயதை நாங்களே சரிபார்க்கலாம்.
முன்பு மணமானதா என்றும் பார்க்கலாம்,
கம்ப்யூட்டர் எதற்கு இருக்கிறது?
வயது வந்த இருவர் 'சரி' என்று சொன்னது
ஏன் வாசலைப் பார்த்துத் தொங்க வேண்டும்?

முப்பத்தோராம் நாள் அவர்கள் வரவில்லை.
அறிவிப்பு மூன்று மாதம் வரை செல்லும்.
அதைத் தாண்டினால் புதுக் காகிதம்,
மறுபடி முப்பது நாள்.

இன்று எழுபத்து நான்கு.
மேல்மூலையை யாரோ இழுத்துக் கிழித்திருக்கிறார்கள்.
வேறு ஊசி குத்தினேன்.

சாட்சிகளுக்கு மூன்று நாற்காலி வேண்டும்.
காலையில் வந்ததும்
வாசலிலிருந்து தெரியாத உள்ளறைக்கு
அவற்றை இழுத்துப் போடுகிறேன்.
சாயங்காலம் பெருக்க வரும் ரங்காத்தாள்
திரும்ப எடுத்து வைக்கிறாள்.
எதற்கென்று அவள் கேட்டதில்லை.
நேற்று மட்டும்
எடுக்காமல் துடைத்துவிட்டுப் போயிருந்தாள்.